அலாரப் பெட்டியிலிருந்து வாசல் மணிக்கு மின்சாரம் எடுக்கலாமா?

வீட்டின் முன்வாசலில் புதிதாக ஓர் அழைப்பு மணியையோ, வந்திருப்பவருடன் உள்ளிருந்தவாறே பேச உதவும் இன்டர்கொம் கருவியையோ பொருத்த விரும்புவோருக்கு முதலில் எழும் கேள்வி, அதற்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதே. இங்கிலாந்தின் பழைய தொடர்வீடுகள் பலவற்றில் முன்கதவுக்கு அருகே பிளக் பொயின்ற் இருப்பதில்லை. ஆனால் மாடிப்படியின் கீழுள்ள அலுமாரியில் திருடர் அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதனுள் 12 வோல்ட் என்று குறிக்கப்பட்ட இரண்டு முனைகளும் இருக்கும். அங்கிருந்து இரண்டு கம்பிகளை வாசலுக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே.

சில வீடுகளில் அது முடியக்கூடிய வேலைதான். வேறு சில வீடுகளில் அந்த இரண்டு கம்பிகளே அலாரத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மின்வெட்டு நேர்ந்த இரவில் பற்றரி வேளைக்கு முன்பே தீர்ந்துபோகலாம். வெளியே நிற்கும் ஒருவர் மணியின் மூடியைக் கழற்றியே வீட்டின் காவலைக் குலைத்துவிடலாம். எந்த வீட்டில் எது நிகழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அறியலாம். அக்கணக்கையும், இங்கிலாந்தின் விதிகளையும், பாதுகாப்பான மாற்று வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

அலாரப் பெட்டியினுள் இருப்பவை

கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. சுவிட்ச் இல்லாமல், உருகியுடன் மட்டும் சுவரில் பொருத்தப்பட்ட சிறு இணைப்புப் பெட்டி ஒன்றின் வழியாகவே அது பெரும்பாலும் வரும். உள்ளே ஒரு மின்மாற்றி அதனைக் குறைக்கிறது. பின்னர் அது நேரோட்டமாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ 13.8 வோல்ட் அளவில் நிலைநிறுத்தப்படுகிறது. பன்னிரண்டு வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஒன்றை எப்போதும் நிறைந்த நிலையில் வைத்திருக்க இந்த அளவு தேவைப்படுகிறது. வீட்டு அலாரங்களில் மிகுதியாகக் காணப்படுவது 7 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரியாகும்.

இந்த ஒரே மூலத்திலிருந்துதான் அலாரத்தின் உறுப்புகள் அனைத்தும் மின்சாரம் பெறுகின்றன. இலக்கங்களை அழுத்தும் விசைப்பலகை, அறைகளின் மூலையிலுள்ள அசைவுணரிகள், உள்ளே ஒலிக்கும் கருவி, வெளிச்சுவரிலுள்ள மணிப்பெட்டி ஆகிய யாவும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வாறு பகிர்வதற்கான முனைகளே 'ஓக்ஸ்' என்றோ '12 வோல்ட்' என்றோ குறிக்கப்பட்டிருக்கும். அவை வேறு கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட உபரி மின்சாரம் அல்ல. அலாரத்தின் சொந்தத் தேவைக்கு உரியவை. மீதி இருந்தால் மட்டுமே பிறிதொன்றுக்குக் கொடுக்கலாம்.

வாசல் மணி எந்த வகையைச் சேர்ந்தது?

எல்லா மணிகளும் ஒரே மின்சாரத்தில் இயங்குவதில்லை. வாங்கும் முன்னரே கருவியின் பின்புறத்திலோ கையேட்டிலோ மூன்று விடயங்களைப் பார்த்தல் வேண்டும்: எத்தனை வோல்ட், ஆடலோட்டமா நேரோட்டமா, எவ்வளவு மின்னோட்டம்.

முதலாவது வகை, 'டிங்-டொங்' என ஒலிக்கும் பழைய மணி. இங்கிலாந்தில் இதற்கு உருகிப் பெட்டியில் பொருத்தப்படும் சிறு மின்மாற்றியிலிருந்து பொதுவாக 8 வோல்ட் ஆடலோட்டம் வழங்கப்படுகிறது. ஒருவர் பொத்தானை அழுத்தும்போது மட்டுமே அது மின்சாரம் எடுக்கும்.

இரண்டாவது வகை, கமராவுடன் கூடிய கம்பி இணைப்பு மணி. இவற்றுள் பல 16 முதல் 24 வோல்ட் வரையிலான ஆடலோட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. பழைய மணியின் 8 வோல்ட் மின்மாற்றியும் இவற்றுக்குப் போதாது. அலாரப் பெட்டியின் 13.8 வோல்ட்டும் போதாது. குறைந்த வோல்ட்டில் இணைத்தால் கருவி பகலில் இயங்குவதுபோல் தோன்றி, இரவில் கமராவின் விளக்கு எரியத் தொடங்கியதும் நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது வகை, 12 வோல்ட் நேரோட்டத்தில் இயங்கும் இன்டர்கொம். அலாரப் பெட்டியுடன் பொருந்தக்கூடியது இவ்வகையே. ஆயினும் இன்டர்கொம் யாவும் 12 வோல்ட்டில் இயங்குபவை அல்ல. 15, 18, 24 வோல்ட் கேட்பவையும் உண்டு. நேரோட்டக் கருவியில் நேர்முனையையும் மறைமுனையையும் மாற்றி இணைத்தால் கருவி பழுதடையலாம். ஆடலோட்ட மின்மாற்றியின் கம்பியை அலாரப் பெட்டியின் 12 வோல்ட் முனையோடு இணைப்பது இதனினும் பெரிய தவறு. அது பெட்டியின் மின்சுற்றையே சேதப்படுத்தும்.

முதற் கணக்கு: பெட்டி தாங்குமா?

வோல்ட் பொருந்திவிட்டால் அடுத்ததாகப் பார்க்கவேண்டியது மின்னோட்டத்தின் அளவு. அலாரப் பெட்டியின் கையேட்டில் அது மொத்தமாக எவ்வளவு மின்னோட்டம் வழங்கவல்லது என எழுதப்பட்டிருக்கும். பற்றரியை மீள நிரப்பத் தேவையான பங்கும் அந்த மொத்தத்தினுள் அடங்குகிறதா என்பதைக் கவனித்தல் அவசியம். ஓர் அம்பியர் எனக் குறிக்கப்பட்ட பெட்டியில், பற்றரிக்குப் போகும் பங்கைக் கழித்தால் மீதி அதனினும் குறைவாகவே இருக்கும்.

ஒரு சாதாரண மூன்று அறை வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் உட்சுற்று 80 மில்லி அம்பியர், ஒரு விசைப்பலகை 50, ஐந்து அசைவுணரிகள் ஒவ்வொன்றும் 12 வீதம் 60, வெளி மணிப்பெட்டி 30 என வைத்துக்கொண்டால், அமைதியான வேளையில் மொத்தம் 220 மில்லி அம்பியர் ஆகும். அலாரம் ஒலிக்கும்போது வெளி மணிக்கு மேலும் 350, உள் ஒலிப்பானுக்கு 150 சேர்ந்து மொத்தம் 720 மில்லி அம்பியராக உயரும். ஓர் அம்பியர், அதாவது 1000 மில்லி அம்பியர் வழங்கும் பெட்டி இதனைத் தாங்கும்.

இப்போது அதே பெட்டியில் திரையுடன் கூடிய இன்டர்கொம் ஒன்று இணைக்கப்படுகிறது. திரை எரிந்து பேச்சு நிகழும்போது அது 500 மில்லி அம்பியர் எடுக்கிறது. கதவைத் திறக்கும் மின்பூட்டு 400 எடுக்கிறது. அலாரம் ஒலிக்கும் அதே வேளையில் இவையும் இயங்கினால் மொத்தம் 1620 மில்லி அம்பியர் ஆகிவிடும். பெட்டியின் உருகி எரிந்துபோக இது போதும். அலாரம் எவ்வேளையில் தேவையோ, சரியாக அவ்வேளையிலேயே அது நின்றுபோகும் என்பதே இதன் பொருள்.

கணக்கிடும்போது எப்போதும் அலாரம் ஒலிக்கும் நிலையின் அளவையே எடுத்தல் வேண்டும். அமைதியான வேளையில் எல்லாம் சரியாக இயங்குகிறது என்பது எதனையும் உறுதிசெய்யாது.

இரண்டாவது கணக்கு: மின்வெட்டில் எத்தனை மணி நேரம்?

அலாரப் பெட்டியினுள் பற்றரி வைக்கப்பட்டிருப்பது மின்வெட்டு நேரத்துக்காகவே. வீட்டு அலாரங்களுக்கான பி.எஸ். ஈ.என். 50131 தரநிலையின்படி, சாதாரண வீடுகளுக்குரிய இரண்டாந் தர அலாரம் மின்சாரம் நின்றபின் 12 மணி நேரம் பற்றரியிலேயே இயங்குதல் வேண்டும்.

புதிய 7 அம்பியர்-மணி பற்றரி நாளடைவில் முதுமையடைந்து கொள்ளளவை இழக்கும். ஆகவே ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 5.6 அம்பியர்-மணியை மட்டுமே நம்பிக் கணக்கிடுவது விவேகமானது. மேற்கூறிய வீட்டில் 220 மில்லி அம்பியர், அதாவது 0.22 அம்பியர் செலவாகிறது. 5.6-ஐ 0.22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 25 மணி நேரம் வரும். இது தாராளமாகப் போதும்.

பேச்சு மட்டுமுள்ள எளிய இன்டர்கொம், காத்திருக்கும் நிலையில் 20 மில்லி அம்பியர் எடுக்குமாயின் மொத்தம் 240 ஆகிறது. பற்றரி 23 மணி நேரம் தாங்கும். இழப்பு சிறிதே. ஆனால் வைஃபையுடன் எந்நேரமும் விழித்திருக்கும் காணொளி இன்டர்கொம் 250 மில்லி அம்பியர் எடுக்குமாயின் மொத்தம் 470 ஆகிவிடும். அப்போது பற்றரி தாங்குவது 12 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே. இடையில் அலாரம் ஒருமுறை ஒலித்தாலோ, யாரேனும் சிலமுறை மணியை அழுத்தினாலோ அது இன்னும் குறையும்.

பெரிய பற்றரி ஒன்றை வைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று சிலர் கருதுவர். பெட்டியின் மின்னேற்றும் பகுதி குறிப்பிட்ட கொள்ளளவுக்கெனவே அமைக்கப்பட்டது. கையேடு அனுமதிக்காத பெரிய பற்றரியை வைத்தால் அது முழுமையாக நிரம்ப நெடுநேரம் எடுக்கும், பெட்டியும் சூடாகும். ஆதலால் கையேட்டில் கூறப்பட்ட அளவை மீறுதல் கூடாது.

மூன்றாவது கணக்கு: கம்பியின் நீளம்

அலாரத்துக்குப் பயன்படும் மெல்லிய ஆறிழை வடத்தில் ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ 0.22 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ளது. அதன் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.08 ஓம். பெட்டியிலிருந்து வாசல் 15 மீற்றர் தொலைவு என்றால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 30 மீற்றர், தடை 2.4 ஓம். 500 மில்லி அம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும்.

மின்சாரம் இருக்கும்போது 13.8 வோல்ட் 12.6 ஆகக் குறைவதால் பாதகமில்லை. ஆனால் மின்வெட்டின்போது பற்றரி 11 வோல்ட்டுக்கு இறங்கியபின் வாசலைச் சேர்வது 9.8 வோல்ட் மட்டுமே. திரை மங்கும், மின்பூட்டு இழுக்காது. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தினால் இழப்பு பாதியாகக் குறையும். பருமனான வடம் இன்னும் நல்லது.

வெளியே வரும் கம்பியின் ஆபத்து

கணக்குகள் மூன்றும் சரியாக வந்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அலாரத்தின் உறுப்புகள் பெரும்பாலும் வீட்டின் உள்ளே இருக்கின்றன. வெளிச்சுவரில் உள்ள மணிப்பெட்டியும் உயரத்தில் வைக்கப்பட்டு, மூடியைத் திறந்தால் ஒலிக்கும்படி காக்கப்படுகிறது. வாசல் மணியோ தெருவிலிருந்து வருபவர் எவரும் தொடக்கூடிய உயரத்தில், இரண்டு திருகாணிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது.

அதனைக் கழற்றி உள்ளிருக்கும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்தால் குறுக்குச்சுற்று உண்டாகும். மணிக்கும் அசைவுணரிகளுக்கும் ஒரே உருகி பொதுவாக இருக்குமாயின், அந்த உருகி எரிந்ததும் அசைவுணரிகள் அனைத்தும் மின்சாரம் இழக்கும். சில அலாரங்கள் அந்நேரத்தில் ஒலிக்கும், சில ஒலிக்கா. திருடனுக்கு வேண்டியது இதுவே. திருடன் வராவிட்டாலும் மழைநீர் போதும்: நீர் புகுந்து துருப்பிடித்த மணி ஒன்று இதே விளைவைத் தரக்கூடும்.

ஆகவே அலாரப் பெட்டியிலிருந்து வெளியே போகும் எந்தக் கம்பிக்கும் தனியான சிறு உருகி இருத்தல் வேண்டும். அது பெட்டியின் பொது உருகியைவிடக் குறைந்த அளவினதாக இருந்தால்தான் முதலில் எரிந்து மற்றவற்றைக் காக்கும். மின்பூட்டு இணைக்கப்படுமாயின் அதன் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட் வைக்கப்படல் வேண்டும். பூட்டின் மின்சாரம் நிற்கும் கணத்தில் சுருளில் எழும் உயர் வோல்ட் துடிப்பு அலாரச் சுற்றுக்குள் புகுந்து பொய் அலாரத்தை எழுப்பாமல் அது தடுக்கும்.

பாதுகாப்பான மாற்று வழிகள்

மேற்கூறியவற்றை நோக்கும்போது பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து வைப்பதே மேலானது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, இன்டர்கொமுக்கு அதன் சொந்த மின்வழங்கி. அருகிலுள்ள அறையின் பிளக் பொயின்ற்றில் செருகும் 12 வோல்ட் வழங்கி போதுமானது. அங்கிருந்து வாசலுக்கு மெல்லிய வடம் மட்டுமே போகும். மின்வெட்டிலும் இயங்க வேண்டுமாயின் பற்றரியுடன் கூடிய தனி வழங்கிப் பெட்டியை வைக்கலாம். இன்டர்கொமும் அலாரமும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேண்டுமாயின் இடையில் ஒரு ரிலே வைத்தால், இரண்டு மின்சாரங்களும் கலவாமல் செய்தி மட்டும் கடக்கும்.

இரண்டு, கம்பியில்லா மணி. பொத்தானில் சிறு பற்றரி. ஒலிப்பானை எந்த அறையிலும் செருகலாம். அழுத்தும் விசையிலிருந்தே மின்சாரம் உண்டாக்கும், பற்றரியே வேண்டாத பொத்தான்களும் கிடைக்கின்றன. பொத்தான்களில் இடப்படும் நாணய வடிவப் பற்றரிகளைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்பட்டு உயிராபத்து நேரலாம். பழைய பற்றரியை மேசைமீது விட்டுவைத்தல் கூடாது. குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

மூன்று, அலாரத்திலேயே உள்ள 'சைம்' வசதி. பல அலாரங்களில் ஒரு வட்டாரத்தை, எச்சரிக்கை எழுப்பாமல் விசைப்பலகையில் மென்மையான ஒலி மட்டும் எழுப்புமாறு அமைக்கலாம். வாசற் பொத்தானை அந்த வட்டாரத்தோடு இணைத்தால், அலாரத்தின் 12 வோல்ட் வழங்கல் வெளியே போவதில்லை. பற்றரிக்கும் குறிப்பிடத்தக்க சுமை இல்லை. மணி மட்டும் போதும், பேச்சும் படமும் தேவையில்லை என்போருக்கு இது ஏற்றது. அலாரம் நிறுவிய தொழிலாளரே இதனை அமைத்துத் தரலாம்.

பூட்டும் தீப் பாதுகாப்பும்

இன்டர்கொமோடு கதவைத் திறக்கும் பூட்டும் சேரும்போது, தீ நேர்ந்தால் உள்ளிருப்பவர் வெளியேற முடியுமா என்பதே முதற் கேள்வி. மின்சாரம் இருந்தால் மட்டுமே திறக்கும் பூட்டுகளும் உண்டு. மின்சாரம் இருந்தால் மட்டுமே பூட்டியிருக்கும் பூட்டுகளும் உண்டு. எவ்வகையாயினும், உள்ளிருந்து சாவியோ மின்சாரமோ இன்றிக் கையாலேயே திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். காந்தப் பூட்டு எந்நேரமும் மின்சாரம் எடுப்பதால் அலாரப் பெட்டியோடு இணைக்க அது சற்றும் பொருந்தாது.

தொடர்மாடிக் குடியிருப்புகளில் வீட்டின் முன்கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவாகும். கமராவோ மணியோ பொருத்துவதற்காக அதில் துளையிட்டால் அதன் தீத்தடுப்பு ஆற்றல் குலையும். 2023 ஜனவரி 23 முதல் நடைமுறையிலுள்ள இங்கிலாந்தின் தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, 11 மீற்றருக்கு மேல் உயரமான குடியிருப்புக் கட்டடங்களில் வீட்டு முன்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கக் கட்டடப் பொறுப்பாளர் முயற்சி எடுத்தல் வேண்டும். துளையிடப்பட்ட கதவை மாற்றும் செலவு குடியிருப்பாளர்மீது விழக்கூடும்.

சட்டமும் அனுமதியும்

பன்னிரண்டு வோல்ட் கம்பியைத் தொடுவது ஆபத்தற்றதாகத் தோன்றினாலும், அலாரப் பெட்டியின் மூடியைத் திறந்தால் அதே இடத்தில் 230 வோல்ட் முனைகளும் இருக்கின்றன. இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைகள் கட்டட ஒழுங்குவிதிகளின் 'பீ' பகுதிக்கு உட்பட்டவை. உருகிப் பெட்டியிலிருந்து புதிய மின்சுற்று ஒன்று இழுக்கப்படுமாயின் அது கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவிக்கப்படல் வேண்டும். அல்லது பதிவுபெற்ற மின்பணியாளரால் செய்யப்பட்டுச் சான்றிதழ் பெறப்படல் வேண்டும். வீட்டை விற்கும் வேளையில் வழக்கறிஞர் இச்சான்றிதழைக் கேட்பது வழக்கம்.

கவுன்சில் வீடுகளிலும் வீட்டுச் சங்க வீடுகளிலும் தனியார் வாடகை வீடுகளிலும் குடியிருப்போர், கம்பி இழுக்கும் முன் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியைப் பெறுதல் வேண்டும். தொடர்மாடியின் பொது இன்டர்கொம் கட்டட உரிமையாளருக்குரியது. அதன் கம்பியோடு தனிப்பட்ட கருவி எதனையும் இணைத்தல் கூடாது. ஒரு வீட்டில் நேரும் பழுது அதே படிக்கட்டிலுள்ள அனைவரின் மணியையும் நிறுத்திவிடும்.

வீட்டுக் காப்புறுதியும் நினைவில் இருத்தல் வேண்டும். அலாரம் உண்டு என்ற அடிப்படையில் கட்டணம் குறைக்கப்பட்டிருப்பின், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வெளியே செய்யப்பட்ட மாற்றம் இழப்பீட்டுக் கோரிக்கையின்போது கேள்விக்குள்ளாகலாம். மாற்றத்துக்கு முன் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருப்பது நல்லது.

கமராவுள்ள மணி வீட்டின் எல்லையைக் கடந்து நடைபாதையையோ அயலவரின் வாசலையோ பதிவுசெய்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வீட்டாருக்கும் பொருந்தும். கமராவின் கோணத்தைக் குறைத்தல், ஒலிப்பதிவை நிறுத்துதல், கமரா உண்டென அறிவித்தல், பதிவுகளைத் தேவைக்கு மேல் வைத்திராமை ஆகியவை அயலுறவையும் காக்கும்.

ஓயாது ஒலிக்கும் அலாரம்

பற்றரி தீர்ந்தாலோ உருகி எரிந்தாலோ வெளிச்சுவரிலுள்ள மணிப்பெட்டி தன் சொந்தச் சிறு பற்றரியில் தானாகவே ஒலிக்கத் தொடங்கும். கம்பியை வெட்டும் திருடனுக்கு எதிராகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பழுதான வாசல் மணி ஒன்றாலும் அது நள்ளிரவில் ஒலிக்கலாம். வீட்டார் ஊரில் இல்லாத வேளையிலும் ஒலிக்கலாம்.

2005-ஆம் ஆண்டின் தூய அயலிடங்கள் மற்றும் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, ஓர் அலாரம் 20 நிமிடங்களுக்கு மேல் இடைவிடாது ஒலித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டு ஒலித்தாலோ, அயலவருக்கு அது தொல்லையாக இருக்குமாயின், கவுன்சில் அலுவலர் வளவினுள் நுழைந்து அதனை நிறுத்தலாம். கதவை உடைத்து நுழைய வேண்டுமாயின் நீதவானின் ஆணை பெறப்படும். சில கவுன்சில்கள் தம் பகுதியை அலார அறிவித்தற் பகுதியாகப் பிரகடனம் செய்துள்ளன. அங்கு சாவி வைத்திருப்பவர் ஒருவரின் விபரத்தைக் கவுன்சிலுக்குக் கொடுத்தல் கட்டாயம்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், அருகில் வசிக்கும் உறவினர் அல்லது நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் சாவியையும் அலாரத்தை நிறுத்தும் முறையையும் கொடுத்து வைத்தல் வேண்டும். விடுமுறைக்கு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ பல வாரங்கள் செல்லும் குடும்பங்களுக்கு இது இன்றியமையாதது.

கேட்டல் குறைந்தோருக்கும் முதியோருக்கும்

அலாரத்தோடு மணியை இணைக்க விரும்புவதன் உண்மையான காரணம் பல வீடுகளில் வேறொன்றாகும். வயது முதிர்ந்த தாய்க்கோ தந்தைக்கோ பழைய மணியின் ஒலி கேட்பதில்லை. அலாரத்தின் பலத்த ஒலி கேட்கும் என்ற எண்ணத்தில் அந்த இணைப்பை நாடுகின்றனர். ஆனால் அலார ஒலியை வருகை ஒலியாகப் பழக்கிவிட்டால், உண்மையான அலாரம் ஒலிக்கும் நாளில் அவர்கள் கதவைத் திறக்கச் செல்லும் ஆபத்து உண்டு.

இத்தகையோருக்கென ஒளி மின்னும் மணிகளும், தலையணையின் கீழ் அதிரும் கருவிகளும் உள்ளன. 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தேவை இருக்கலாம் எனத் தோன்றும் எந்த வயதுவந்தவரும் கவுன்சிலிடம் தேவை மதிப்பீடு கோரலாம். மதிப்பீட்டில் தேவை உறுதியானால், 1000 பவுணுக்கு மேற்படாத உதவிக் கருவிகளும் சிறு மாற்றங்களும் இங்கிலாந்தில் கட்டணமின்றி வழங்கப்படல் வேண்டும். ஆகவே கடைக்குச் செல்லுமுன் கவுன்சிலின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவைத் தொடர்புகொள்வது பயன் தரும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனத் தொடக்கத்திலேயே கூறுதல் நன்று.

மின்வெட்டு நேர்ந்தால் 105 என்ற இலக்கத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். முதியோர், மருத்துவக் கருவிகளை நம்பியிருப்போர், ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளச் சிரமப்படுவோர் முதலியோர் மின்வழங்கல் நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் இலவசமாகப் பெயரைப் பதியலாம்.

வேலையை ஒப்படைக்கும்போது

அலாரத் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கையில் அவர் என்.எஸ்.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஏ.ஐ.பி. என்னும் அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் பெற்றவரா எனப் பார்க்கலாம். கதவைத் தட்டி வந்து விற்பவரிடம் அன்றே கையொப்பமிடத் தேவையில்லை. வீட்டில் வைத்துச் செய்யப்படும் ஒப்பந்தத்தின் பெறுமதி 42 பவுணுக்கு மேற்பட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் அதனை இரத்துச் செய்யும் உரிமை நுகர்வோருக்கு உண்டு.

தொழிலாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து:

1. அலாரம் ஒலிக்கும் நிலையில் மொத்த மின்னோட்டம் எவ்வளவு? பெட்டி வழங்கவல்லது எவ்வளவு?
2. புதிய கருவி சேர்ந்தபின் பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும்?
3. வெளியே போகும் கம்பிக்குத் தனி உருகி உண்டா?
4. வாசற் கருவியை ஒருவர் கழற்றினால் அலாரத்துக்கு என்ன நேரும்?
5. தீ நேர்ந்தால் கதவை உள்ளிருந்து கையால் திறக்க முடியுமா?

வேலை முடிந்த அன்றே ஒரு சோதனை செய்யப்படல் வேண்டும். தொழிலாளர் அலாரப் பெட்டிக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி, ஒரு மணி நேரம் பற்றரியில் இயங்கவிட வேண்டும். அதன் இறுதியில் மணியை அழுத்தி, பேசி, பூட்டைத் திறந்து, அலாரத்தையும் ஒலிக்கச் செய்து, அவ்வேளையில் பற்றரியின் வோல்ட்டை அளந்து எழுதித் தருதல் வேண்டும். முன்கூட்டியே அயலவருக்குச் சொல்லிவைப்பது மரியாதை.

ஈய அமிலப் பற்றரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை. பற்றரியின்மீது வைத்த திகதியை எழுதி ஒட்டினால் பிற்பாடு ஐயம் எழாது. கழற்றிய பழைய பற்றரியை வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடுதல் கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.